ரொறன்ரோ மாநகராட்சி முதியோர் பொழுதுபோக்குத் திட்டங்கள்

ரொறன்ரோ மாநகராட்சி முதியோர் பொழுதுபோக்குத் திட்டங்கள் என்பவை, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள ரொறன்ரோ மாநகராட்சி தன் சமூக நடுவங்களிலும் நீச்சல் குளங்களிலும் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கென நடத்தும் உடற்பயிற்சி, நீச்சல், நடனம், கைவினை முதலிய வகுப்புகளும் கூடல்களும் ஆகும். 2016 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்நகரின் 65 வயதைக் கடந்தோர் எண்ணிக்கை (426,945), 14 வயதும் அதற்குக் குறைவும் ஆன சிறுவர் எண்ணிக்கையை (398,135) முதன்முறையாக விஞ்சியது. நகரவாசிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் கனடாவுக்கு வெளியே பிறந்தவர்கள். எனவே இங்கு "முதியோர்" என்னும் ஒரு சொல்லுள் வருமானம், மொழி, சமயம், உடல்நிலை, குடியுரிமை நிலை ஆகியவற்றால் வேறுபட்ட பலர் அடங்குகின்றனர். வகுப்பை அறிவித்துவிட்டால் மட்டும் இவர்கள் அனைவரும் வந்து சேர்வதில்லை. ஒவ்வொரு பிரிவினரையும் தடுப்பது வெவ்வேறு தடையாகும்.

வரலாறு

ஒன்ராறியோவில் முதியோர் நடுவங்களுக்கு மாகாண அரசு நிதியளிப்பதற்கான சட்டம் 1966இல் இயற்றப்பட்டது. 2017இல் புதிய சட்டம் ஒன்று அதன் இடத்தைப் பெற்றது. நகர அளவில் பெரிய மாற்றம் 1998 சனவரி 1 அன்று நிகழ்ந்தது. அன்று பழைய ரொறன்ரோ, ஸ்கார்பரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ற் யோர்க் ஆகிய ஆறு நகராட்சிகளும் ஒன்றாக்கப்பட்டன. பழைய ரொறன்ரோ நகரில் சமூக நடுவ வகுப்புகள் பெரும்பாலும் இலவசமாக இருந்தன. புறநகர் நகராட்சிகளில் கட்டணம் இருந்தது. இணைப்பின் பின்னர் ஒரே கட்டண முறையை வகுக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

மாநகராட்சி தன் முதலாவது முதியோர் உத்தியை 2013இலும் அதன் இரண்டாம் பதிப்பை 2018இலும் வெளியிட்டது. இடையே, 2016இல், உலக சுகாதார அமைப்பின் முதியோர் நேய நகரங்கள் வலையமைப்பில் ரொறன்ரோ இணைந்தது. 2020 மார்ச்சில் கொரோனா தொற்றினால் சமூக நடுவங்கள் மூடப்பட்டன.

கட்டணமும் சான்றும்

கட்டணத் தடையை நீக்க மாநகராட்சி இரண்டு வழிகளைக் கையாள்கிறது. முதலாவது, குறைந்த வருமானம் உடையோருக்கு ஆண்டுதோறும் கட்டணச் சலுகை வழங்கும் "வரவேற்புக் கொள்கை". இதற்கு விண்ணப்பமும் குடும்ப வருமானத்துக்கான சான்றும் தேவை. இரண்டாவது, வறுமை மிகுந்த பகுதிகளிலுள்ள ஏறத்தாழ 40 சமூக நடுவங்களில் வகுப்புகளை இலவசமாகவே நடத்துவது. அங்கு எவரிடமும் வருமானச் சான்று கேட்கப்படுவதில்லை.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு, பிள்ளைகளின் அனுசரணையில் கனடா வந்த பெற்றோரின் நிலையைப் பார்த்தால் விளங்கும். பெற்றோரையோ பேரப்பெற்றோரையோ அழைத்துக்கொள்பவர் அவர்களைப் பராமரிப்பதாக அரசுக்கு உறுதிமொழி அளிக்க வேண்டும். அதன் காலம் முன்னர் 10 ஆண்டுகளாக இருந்து 2014 முதல் 20 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. முதியோர் ஓய்வூதியம் பெறுவதற்கோ 65 வயது நிரம்பியிருப்பதோடு, 18 வயதுக்குப் பின் குறைந்தது 10 ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்திருக்கவும் வேண்டும். ஆகவே 68 வயதில் வந்திறங்கும் ஒரு தாய்க்குப் பொதுவாக 78 வயது வரை தன் கையில் காசு இராது. மகனின் வருமானத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவ்வீடு வறிய வீடு அன்று. ஆனால் நீச்சல் வகுப்புக்கு அவர் மகனிடமோ மருமகளிடமோதான் பணம் கேட்க வேண்டும். பலர் கேட்பதில்லை. சான்று கேட்காத இலவச நடுவம் இத்தகையோருக்குச் சலுகைத் திட்டத்தைவிடப் பயன்மிக்கது எனலாம். எனினும் அந்நடுவம் அவர் வீட்டுக்கு அருகில் அமைந்திருக்க வேண்டும்.

பதிவு முறையும் ஒரு வடிகட்டியாகவே அமைகிறது. பல ஆண்டுகளாகப் பருவப் பதிவு குறித்த நாளில் காலை 7 மணிக்கு இணையத்திலும் தொலைபேசியிலும் தொடங்குகிறது. விரும்பப்படும் வகுப்புகள் சில நிமிடங்களில் நிரம்பிவிடுவதுண்டு. கணினியில் விரைவாக இயங்கத் தெரிந்தவருக்கும், உதவப் பிள்ளை அருகில் இருப்பவருக்கும் மட்டுமே இது வசதியாகும். முன்பதிவின்றி நேரில் வந்து சேரக்கூடிய நேரங்களே முதியோர் பலருக்கு உகந்தவை.

மொழி

மாநகராட்சியின் 311 தொலைபேசிச் சேவை 2009இல் தொடங்கப்பட்டது. அதில் 180க்கு மேற்பட்ட மொழிகளில் மொழிபெயர்ப்பு உதவி பெறலாம். தமிழும் அவற்றுள் ஒன்று. ஆனால் தொலைபேசியில் தமிழ் கேட்டவர் வகுப்பறையில் பெரும்பாலும் ஆங்கிலத்தையே கேட்கிறார். உடற்பயிற்சியைக் கண்ணால் பார்த்துச் செய்துவிடலாம் என்பது ஓரளவுக்கே சரி. "வலித்தால் நிறுத்துங்கள்", "முழங்காலை இவ்வளவுக்கு மேல் மடக்க வேண்டாம்" என்பவையும் சொல்லப்படுகின்றன. கேட்டுப் புரியாதவருக்கே காயம் நேரும் வாய்ப்பு மிகுதி.

1983க்குப் பின்னர் பெருமளவில் குடியேறிய ஈழத்தமிழரின் மூத்த தலைமுறையினர் இவ்விடைவெளியைத் தம் சங்கங்கள் மூலம் நிரப்பி வருகின்றனர். ஸ்கார்பரோ முதலிய பகுதிகளில் இயங்கும் தமிழ் முதியோர் சங்கங்களில் யோகாசனம், பண்ணிசை, சுற்றுலா போன்றவை தமிழிலேயே நடைபெறுகின்றன. இவற்றில் தனிமை தணிகிறது. அதேவேளை, அயல்வீட்டுச் சீன முதியவரும் தமிழ் முதியவரும் ஒரே கட்டிடத்தில் வெவ்வேறு நாட்களில் கூடிக் கலையும் நிலையும் உருவாகிறது.

ரீஜன்ற் பார்க் நீச்சல் நடுவம்

வடிவமைப்பினாலேயே தடைகளை நீக்க முடியும் என்பதற்கு, 2012இல் திறக்கப்பட்ட ரீஜன்ற் பார்க் நீச்சல் நடுவம் நல்ல எடுத்துக்காட்டு. கனடாவின் மிகப் பழைய பொது வீட்டுத்திட்டங்களில் ஒன்றின் மீள்கட்டுமானத்தின்போது இது அமைக்கப்பட்டது. பெரிய கண்ணாடிச் சுவர்களைக் கொண்ட இக்கட்டிடத்தில் திரைகளை இறக்கி உள்ளே தெரியாதவாறு மறைக்கலாம். பெண்களுக்கு மட்டுமான நேரங்களில் இவ்வாறு செய்யப்படுவதால், சமயக் காரணத்தாலோ கூச்சத்தாலோ பொதுக்குளத்தைத் தவிர்க்கும் பெண்களும் நீந்த வர முடிகிறது.

உடைமாற்றும் இடம் ஆண், பெண் எனப் பிரிக்கப்படவில்லை. பொதுக் கூடத்தில் தனித்தனி அறைகள் உள்ளன. பால் அடையாளத்தில் வேறுபட்டோருக்கு உகந்ததாகக் கருதப்படும் இவ்வேற்பாடு, மறதி நோயுள்ள மனைவிக்கு உடைமாற்ற உதவும் கணவருக்கும் தேவையானது. ஒருவருக்கென நீக்கப்பட்ட தடை வேறொருவருக்கும் வழிவிடுகிறது. திரைக்கான செலவும் பெரிதன்று. கட்டும்போதே நினைவில் கொண்டதுதான் இங்கு முதன்மையானது.

ஒருபாலீர்ப்புடைய முதியோர்

சேர்ச் வீதியில் 1975இல் உருவான "519" சமூக நடுவம் மாநகராட்சியின் முகவமைப்பு ஆகும். இங்கு ஒருபாலீர்ப்புடைய முதியோருக்கெனக் கூடல்கள் நடைபெறுகின்றன. ஆண்களிடையேயான ஒருபாலுறவு கனடாவில் 1969 வரை குற்றமாக இருந்தது. 1981 பெப்ரவரியில் ரொறன்ரோ காவற்றுறை குளியலகங்களில் நடத்திய திடீர்ச் சோதனைகளில் நூற்றுக்கணக்கானோர் கைது செய்யப்பட்டனர். இதற்குக் காவற்றுறைத் தலைவர் வருத்தம் தெரிவித்தது 2016இல்தான். அன்று இளைஞராக இருந்தவர்களே இன்றைய முதியோர். அரசு அலுவலக மேசையில் தம் விவரங்களை எழுதிக்கொடுக்க அவர்கள் தயங்குவதற்கு இவ்வரலாறும் ஒரு காரணம்.

போக்குவரத்தும் பனியும்

மாற்றுத்திறனாளிகளுக்கான ஒன்ராறியோவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம், 2025 சனவரி 1க்குள் மாகாணம் முழுவதையும் தடையற்றதாக்க இலக்கு வகுத்தது. அந்நாள் கடந்தும் இலக்கு முழுமையாக எட்டப்படவில்லை. மேலும், கட்டிடத்தின் சாய்தளம் வாசலில் தொடங்குகிறது. முதியவரின் பயணம் வீட்டில் தொடங்குகிறது. நகர் முழுவதும் நடைபாதைப் பனியை இயந்திரத்தால் அகற்றும் முறை 2021-22 குளிர்காலத்திலேயே வந்தது. அதற்கு முன்னர், பழைய நகரின் நெருக்கமான தெருக்களில் இப்பொறுப்பு பெரும்பாலும் வீட்டுக்காரரிடம் இருந்தது. ஒரு வீட்டின் முன் பனி அகற்றப்படாவிட்டாலும் ஊன்றுகோலுடன் நடப்பவர் திரும்ப வேண்டியதாயிற்று.

ஸ்கார்பரோவில் தொலைவே பெரிய இடர். கென்னடி நிலையத்தையும் மக்கோவன் நிலையத்தையும் இணைத்த மூன்றாம் இலக்க இருப்புப்பாதை, 2023 சூலை 24 அன்று வண்டி தடம்புரண்ட பின்னர் நிரந்தரமாக மூடப்பட்டது. அதற்குப் பதிலாகப் பேருந்துகள் விடப்பட்டன.