ஒரு வாடகை அறையும் பதினாறு சாண் கோலும்

சென்ற மாதம் தொம்மலூரில் குடியிருந்த அறையைக் காலி செய்தேன். வண்ணம் பூசும் கூலி என்று 600 சதுர அடிக்கான தொகை முன்பணத்தில் கழிக்கப்பட்டது. அறையின் தரை 12 அடிக்கு 10 அடி. அதாவது 120 சதுர அடி. "தரையை ஐந்தால் பெருக்கினால் சுவர்க்கணக்கு வந்துவிடும்" என்றார் உரிமையாளர்.

நாடா வாங்கி அளந்தேன். உயரம் 10 அடி. தரையின் சுற்றளவாகிய 44 அடியை உயரத்தால் பெருக்க, நான்கு சுவர்களும் 440. கூரையின் உட்புறம் 120. இரண்டும் சேர்ந்து 560. கதவுக்கு 21, சன்னலுக்கு 16 கழிக்க, பூச வேண்டிய பரப்பு 523 சதுர அடி. ஐந்தால் பெருக்கும் வழக்கு உயரத்தையும் பார்ப்பதில்லை, திறப்புகளையும் பார்ப்பதில்லை.

அவ்வறைக்கு அருகில்தான் சொக்கநாதசுவாமி கோயில் உள்ளது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் இவ்வூரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கின்றன. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒன்று, இரண்டு நிலைக்கால்கள் கொடையளிக்கப்பட்டதைச் சொல்கிறது. வேறு சில நிலக்கொடைகளைப் பதிவு செய்கின்றன. நிலக்கொடைக் கல்வெட்டுகளைப் படிக்கும் எவரும் விரைவில் எதிர்கொள்ளும் சொல் 'குழி'.

கோல் என்பது நீட்டலளவு. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் கொண்ட சதுரம் ஒரு குழி. நீளத்துக்கும் பரப்புக்கும் தமிழ் இவ்வாறு தனித்தனிச் சொற்களை வைத்திருந்தது. இன்று இரண்டுக்கும் 'அடி'யே நிற்கிறது. 'சதுர' என்னும் முன்னொட்டும் பேச்சில் உதிர்ந்து, "ஆயிரம் அடி வீடு" என்கிறோம். கட்டட வேலையில் 'சதுரம்' என்றாலோ 100 சதுர அடி.

சிக்கல் கோலின் நீளத்தில் இருக்கிறது. கி.பி. 1001ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராசன் நடத்திய நில அளவையோடு உலகளந்த கோல் என்னும் 16 சாண் கோல் தொடர்புபடுத்தப்படுகிறது. 12 சாண் கோலும் கல்வெட்டுகளில் வருகிறது. நீளத்தில் நான்கில் ஒரு பங்குதான் குறைவு. ஆனால் பரப்பு நீளத்தின் வர்க்கமாதலால் விகிதம் 256-க்கு 144. பெரிய கோலால் 1000 குழியான நிலம் சிறிய கோலால் ஏறத்தாழ 1778 குழி ஆகிவிடும். குழிக்கு இவ்வளவு நெல் என்று இறை விதிக்கப்பட்டால், கோல் சிறுத்த அன்றே உழுபவன் சுமை முக்கால் மடங்கிற்கும் மேல் கூடும். நிலம் ஓர் அங்குலமும் வளர்ந்திராது. "பதினாறு சாண் கோலால்" என்று கல்லில் முன்கூட்டியே வெட்டியதும், கோலின் நீளத்தையே கோயிற்சுவர்களில் பொறித்து வைத்ததும் வீண் சம்பிரதாயமல்ல.

சாணை 9 அங்குலமாகக் கொண்டால் முதற்கோலின் குழி 144 சதுர அடி. இரண்டாவதின் குழி 81. என் அறை முதற்கணக்கில் ஒரு குழிக்கும் குறைவு, ஆறில் ஐந்து பங்கு. இரண்டாவதில் ஏறக்குறைய ஒன்றரைக் குழி. அறை அதே அறைதான்.

உரிமையாளர்மீது கோபம் வந்தபோது என் முதுகலை ஆய்வேடு நினைவுக்கு வந்தது. வெவ்வேறு ஊர்க் கல்வெட்டுகளின் குழிகளையெல்லாம் ஒரே வாய்பாட்டால் ஏக்கராக்கி, அட்டவணையிட்டு, எந்த ஊர்க் கோயிலுக்கு நிலம் மிகுதி என்று ஒப்பிட்டிருந்தேன். எந்தக் கோல் என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. அவர் ஐந்தால் பெருக்கினார். நான் வேறோர் எண்ணால் பெருக்கினேன்.

அளந்த தாளைக் காட்டியதும் அவர் 523-ஐ ஏற்றுக்கொண்டார். என் அட்டவணையைத்தான் இன்னும் திருத்த வேண்டியிருக்கிறது. நிலக்கொடைகளில் பணிபுரியும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் தரவுப் பட்டியலில் குழிக்கு முன்னால் கோலுக்கென ஒரு பத்தி ஒதுக்குங்கள். கல்வெட்டு கோலைச் சொல்லாத இடங்களில் அப்பத்தியை வெறுமையாகவே விடுங்கள்.