பழகுற காலத்துக்கும் சம்பளம் உண்டு



"வேலை தெரியாத பிள்ளைக்குச் சம்பளம் எதுக்கு? மொதல்ல கத்துக்கிடட்டும், பொறவு பாப்போம்." நம்ம பக்கத்துல இந்தப் பேச்சைக் கேட்காதவங்க இருக்க மாட்டோம். இந்த ஒரு பேச்சுக்குள்ளே நம் பிள்ளைகளின் இரண்டு, மூன்று வருட உழைப்பு காணாமல் போய்விடும். அதனால் தொழில் பழகும் காலத்துக்குக் கூலி உண்டா, இல்லையா என்கிற வழக்கு எப்படி வளர்ந்து வந்தது என்று இந்த மலரில் பார்ப்போம்.

அந்தக் காலத்தில் தச்சுப் பட்டறையிலும் நகைப் பட்டறையிலும் சேர்ந்த பையன் முதலில் செய்தது எடுபிடி வேலைதான். சாப்பாடு கிடைக்கும், கைத்தொழில் கிடைக்கும், காசு கிடைக்காது. பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கூட இல்லை. தறி வீட்டில் நூல் சுற்றின பெண்ணை யாரும் 'தொழில் பழகுகிறவள்' என்று சொன்னதில்லை. பீடி சுற்றும் வீடுகளில் இலை வெட்டவும், முனை மடக்கவும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பழகின பிள்ளையின் உழைப்பு, அம்மாவின் ஆயிரம் பீடிக் கணக்கில் கரைந்து போனது. கற்றதற்குச் சான்றும் இல்லை, செய்ததற்குத் தனிக் கூலியும் இல்லை.

நம் நாட்டில் இதற்கென்று முதல் சட்டம் வந்தது வெள்ளைக்காரன் ஆட்சியில், 1850-ல். அநாதைப் பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் ஒரு முதலாளியிடம் ஏழு வருடம் வரை ஒப்பந்தம் போட்டுத் தொழில் பழக விடலாம் என்றது அது. ஆண்பிள்ளைக்கு 21 வயதோடு கட்டு அவிழும். பெண்பிள்ளைக்கோ கல்யாணம் ஆனால் அவிழும்! பெண் கற்கும் தொழில் அவள் கல்யாணத்தோடு முடிந்துவிடும் என்று சட்டமே நினைத்த காலம் அது.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1961-ல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. 'அப்ரண்டிஸ்' என்று நாம் சொல்வது இதைத்தான். அதில் இருக்கும் சில விஷயங்களை நாம் மனசில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பழகுநருக்கு மாதாமாதம் உதவித்தொகை தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். பிள்ளை மைனர் என்றால் பெற்றவரோ காப்பாளரோ கையெழுத்துப் போட வேண்டும். எத்தனை உருப்படி செய்தாய் என்று எண்ணிக் கூலி தரக் கூடாது. வேலையில் அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: தொழிலோடு சேர்ந்த பாடத்துக்கு வகுப்பில் உட்காரும் நேரமும் சம்பள நேரமாகவே கணக்காகும். அதாவது, படிப்பதும் வேலைதான் என்று சட்டம் ஒத்துக்கொண்டது. ஆனால் பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே தீர வேண்டும் என்று அது முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. அதையும் தெரிந்துகொண்டுதான் பிள்ளையைச் சேர்க்கணும்.

ஜெர்மனியில் இதே முறை ரொம்பக் காலமாக ஊன்றி நிற்கிறது. அங்கே 1969-ல் இதற்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். வாரத்தில் மூன்று, நான்கு நாள் தொழிற்சாலையிலோ கடையிலோ வேலை. மிச்ச ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியில் பாடம். சம்பளம் உண்டு, முடிவில் தேர்வு உண்டு, சான்றிதழும் உண்டு.

நம் தமிழ்நாட்டில் 'பயிற்சி' என்ற சொல் படாத பாடும் பட்டது. 2000-க்குப் பிறகு கோயம்புத்தூர், திருப்பூர் பக்கத்து நூற்பாலைகளுக்குத் தென்மாவட்டங்களிலிருந்து ஏராளமான பெண்பிள்ளைகள் போனார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று பேர். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால், கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்றார்கள். பதிவேட்டில் 'பயிற்சியாளர்'. ஆனால் பாட வகுப்பு எங்கே? சில மாதத்தில் கைவந்துவிடும் வேலைக்கு மூன்று வருடப் பயிற்சி எதற்கு? உடம்புக்கு முடியாமல் பாதியில் திரும்பின பிள்ளைகள் பலருக்கு அந்தத் தொகை கைக்கு வரவில்லை. 1850-ல் கல்யாணம் ஆனால் கட்டு அவிழ்ந்தது. இங்கே கல்யாணத்தைக் காட்டியே கட்டு போட்டார்கள்.

நம் பகுதிக்கு வருவோம். குற்றாலத்தில் 1964-ல் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி வந்தபோது, பெண்பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு பக்கத்திலேயே கிடைத்தது. ஆனாலும் பல வீடுகளில் 'படிக்க வைக்கவா, வேலைக்கு அனுப்பவா' என்ற கேள்வி தீரவில்லை. சாரல் சீசனில் அருவிக்கரைக் கடைகளில் வேலைக்கு நின்றால் காசு வரும், படிப்பு வராது. கல்லூரிக்குப் போனால் படிப்பு வரும். பஸ்ஸுக்குக் காசு தேடணும்.

இரண்டையும் சேர்க்க முடியும் என்று காட்டின ஒரு இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சோஹோ நிறுவனம் சென்னையில் 2004-05 வாக்கில் ஆறு மாணவர்களோடு ஒரு பள்ளியைத் தொடங்கியது. பிறகு தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வந்தது, பள்ளியும் வந்தது. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்த பிள்ளைகளுக்கு இரண்டு வருடப் பயிற்சி. கட்டணம் இல்லை, மாதாமாதம் உதவித்தொகை உண்டு. முதலில் வகுப்பு, பிறகு வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து வேலை. குடும்பத்துக்காக வேலையை விட்ட பெண்களுக்கு 'மறுபடி' என்று தனிப் பயிற்சியும் வைத்தார்கள். எல்லாப் பிள்ளைக்கும் அங்கே இடம் கிடைத்துவிடாது. ஆனால் கம்ப்யூட்டர் வேலைக்கு முடியும் என்றால், தையலுக்கும் நர்சிங் உதவிக்கும் ஏன் முடியாது என்று கேட்க நமக்கு ஒரு உதாரணம் கிடைத்தது.

அரசும் கொஞ்சம் கொஞ்சமாக வழி திறந்திருக்கிறது. 2016-ல் தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் வந்தது. உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்கும் என்றார்கள். 2019-ல் விதியைத் திருத்தி, படிப்புக்குத் தக்கபடி குறைந்தது 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என்று வைத்தார்கள். கிராமத்து இளையோருக்கான தீன்தயாள் உபாத்யாயா திட்டத்தில் பயிற்சி இலவசம். அதில் பொதுவாக வயது வரம்பு 35, பெண்களுக்கு 45. கல்யாணம் ஆன பிறகும் கற்கலாம் என்று இப்போது எழுத்திலேயே இருக்கிறது.

சகோதரிகளே, 'பயிற்சி' என்று சொல்லி யார் பிள்ளையைக் கூப்பிட வந்தாலும், குழுக் கூட்டத்தில் வைத்து நாலு கேள்வி கேளுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கா? மாதாமாதம் எவ்வளவு, யார் பேர் வங்கிக் கணக்கில் வரும்? பாடம் யார் நடத்துவாங்க, அந்த நேரத்துக்கும் காசு உண்டா? முடிவில் எங்கேயும் செல்லும் சான்றிதழ் கிடைக்குமா? நாலுக்கும் பதில் இருந்தால் பிள்ளையைத் தைரியமாக அனுப்பலாம். பதில் இல்லாவிட்டால், அதற்குப் பேர் பயிற்சி இல்லை. குறைந்த கூலி வேலை. கடனுக்கு வட்டிக் கணக்கு கேட்கப் பழகின நாம், பிள்ளைகளின் உழைப்புக்கும் கணக்கு கேட்கப் பழகுவோம்.