சேலம், நாமக்கல் சமவெளியில் கணினி விளையாட்டு: கிராபிக்ஸ் கார்டும் திரையும்

கணினி விளையாட்டுக்காக வாங்கப்படும் கிராபிக்ஸ் கார்டும் மானிட்டரும் ஒன்றையொன்று சார்ந்தவை. திரையில் எத்தனை புள்ளிகள் உள்ளனவோ அத்தனையையும் கார்டு நொடிக்குப் பலமுறை கணக்கிட்டு வரைந்து தர வேண்டும். இந்த உறவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. குழாய்த்திரைக் காலத்தில் தளர்வாக இருந்தது, எல்சிடி வந்தபின் இறுகியது, 2020க்குப் பின் மீண்டும் தளர்ந்தது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இந்த மாற்றங்களோடு மின்வெட்டும் வரியும் வெயிலும் சேர்ந்துகொண்டு, எதை வாங்குவது என்பதை முடிவு செய்தன.

பின்புலம்

திரை இவ்வட்டாரத்துக்குப் புதிதல்ல. டி.ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ்தான் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை 1956இல் தந்தது. வீட்டுக்குள் வந்த கணினித் திரையின் கதை வேறு. அது பொறியியல் கல்லூரிகளோடு வந்தது. சேலம் அரசு பொறியியல் கல்லூரி 1966இலேயே தொடங்கப்பட்டிருந்தாலும், 1990களில் திருச்செங்கோடு, சேலம் பகுதிகளில் தனியார் கல்லூரிகள் பெருகிய பிறகுதான் மாணவர் வீடுகளில் 'அசெம்பிள்' செய்த கணினி பரவலானது. நாமக்கல் தனி மாவட்டமானதும் அதே காலத்தில், 1997இல்.

உதிரிபாகங்களுக்கு மூன்று வழிகள் இருந்தன: உள்ளூர்க் கடை, சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு. சேலத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 340 கிலோமீட்டர், பெங்களூரு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். உள்ளூரில் கிடைக்காத கார்டைத் தேடியவர்களுக்குக் காலையில் போய் இரவு திரும்ப பெங்களூருதான் வசதி. பழுதானால் அதே தூரம் மறுபடியும் போக வேண்டும் என்பது வாங்கும்போது நினைவுக்கு வருவதில்லை.

குழாய்த்திரைக் காலம்

ஐபிஎம் 1987இல் கொண்டுவந்த விஜிஏ முறை 640 x 480 புள்ளிகளைத் தந்தது. 1993இல் வெளியான 'டூம்' 320 x 200 புள்ளிகளில் ஓடியது. வரையும் வேலை முழுவதையும் பிராசசரே செய்தது. 1996இல் வந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு முப்பரிமாண வரைவைத் தனியாகப் பிரித்தது. 1999இல் என்விடியா தன் ஜீஃபோர்ஸ் 256 கார்டை ஜிபியு என்ற பெயரிட்டு விற்றது.

இங்குள்ள பலர் இந்தக் கார்டுகளைப் பெயரளவில்கூட அறிந்திருக்கவில்லை. 2000களின் தொடக்கத்தில் பிரௌசிங் சென்டர்களிலும் வீடுகளிலும் இருந்தவை மதர்போர்டோடு சேர்ந்து வந்த கிராபிக்ஸ், 15 அல்லது 17 இஞ்ச் குழாய்த்திரை. 'கவுன்டர் ஸ்டிரைக்', 'ஜிடிஏ வைஸ் சிட்டி' இரண்டும் அவற்றில் எப்படியோ ஓடின.

எப்படி ஓடின என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குழாய்த்திரையில் எலெக்ட்ரான் கற்றை படத்தை வரைகிறது. அதற்கு இன்னதுதான் அளவு என்ற நிலையான புள்ளிக்கட்டம் கிடையாது. 1024 x 768 திணறினால் 800 x 600, அதுவும் திணறினால் 640 x 480 என்று இறக்கிக்கொள்ளலாம். படம் கொஞ்சம் கரடுமுரடாகுமே தவிர, கலங்காது. ஆகவே திரை ஒருபக்கம், கார்டு ஒருபக்கம் என்று தனித்தனியாக வாங்கினாலும் குடி முழுகிவிடாது.

எல்சிடியும் மின்வெட்டும்

எல்சிடி திரை அந்தச் சலுகையைப் பறித்தது. 1920 x 1080 புள்ளிகள் கொண்ட எல்சிடியில் 1280 x 720 படத்தைக் காட்டினால், ஒரு புள்ளியை ஒன்றரைப் புள்ளியாக நீட்ட வேண்டியிருக்கிறது. எழுத்தும் விளிம்பும் கலங்குகின்றன. பெரிய திரையை வாங்கியவர் அதற்கேற்ற கார்டையும் வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலை அப்போதுதான் உருவானது. 2007 நவம்பரில் வந்த 'கிரைசிஸ்' அதை உலகம் முழுவதும் உணர்த்தியது. அன்றைய விலையுயர்ந்த கார்டுகளே உயர் பிரிதிறனில் அதனிடம் தடுமாறின.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் பல குடும்பங்களுக்கு முதல் கணினியைத் தந்தது. அவற்றின் திரை பெரும்பாலும் 14 இஞ்ச், 1366 x 768 புள்ளிகள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. பாடத்துக்குக் கொடுத்தது விளையாட்டுக்கும் பயன்பட்டது. பழைய 'ஜிடிஏ' விளையாட்டுகளின் ஆயுள் இங்கு நீண்டதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அதே ஆண்டுகள் கடும் மின்வெட்டின் ஆண்டுகள். 2008இல் தொடங்கி வளர்ந்த பற்றாக்குறை 2012இல் உச்சத்தைத் தொட்டது. சென்னைக்கு அறிவிக்கப்பட்ட வெட்டு 2 மணி நேரம். பிற மாவட்டங்களில் சில நாட்கள் 12 மணி நேரம் வரை சென்றது. மேட்டூரில் 840 மெகாவாட் அனல்மின் நிலையத்தை வைத்துக்கொண்டு சேலம் மாவட்டம் இருட்டில் உட்கார்ந்திருந்தது என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது.

வீடுகளுக்கு இன்வெர்ட்டர் வந்தது. விளையாட்டுக் கணினி வைத்திருந்தவர்களுக்கு அது புதுச் சிக்கலையும் கொண்டுவந்தது. மலிவான இன்வெர்ட்டர்கள் சதுர அலை மின்சாரம் தருபவை. ஃபேனும் டியூப்லைட்டும் அதில் ஓடிவிடும். ஆக்டிவ் பிஎஃப்சி கொண்ட நல்ல பவர் சப்ளைகள் சில, அந்த அலையில் சட்டென்று நின்றுவிடும். ஆகவே கார்டுக்கு முன்னால் சைன் அலை இன்வெர்ட்டருக்குப் பணம் ஒதுக்க வேண்டியிருந்தது. அதிக மின்சாரம் இழுக்கும் கார்டைத் தவிர்த்துக் குறைந்த வாட் கார்டை எடுத்தவர்கள் கஞ்சத்தனத்தால் அப்படிச் செய்யவில்லை. யுபிஎஸ் தாங்கும் சில நிமிடங்களுக்குள் விளையாட்டைச் சேமித்துவிட்டு அணைக்க வேண்டுமே.

வரியும் விலையும்

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. அமலானபோது 17 இஞ்ச் வரையான மானிட்டர்களுக்கு 18 சதவீதமும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 28 சதவீதமும் வரி விதிக்கப்பட்டது. விளையாட்டுக்கு ஏற்ற 24, 27 இஞ்ச் திரைகள் எல்லாம் மேல்தட்டில் சிக்கின. 2019 ஜனவரி 1 முதல் 32 இஞ்ச் வரை 18 சதவீதமாகக் குறைந்தது. ரூ. 15,000 அடக்க விலையுள்ள திரைக்கு இது ரூ. 1,500 வித்தியாசம்.

திரையில் மிச்சமானதைக் கார்டு விழுங்கியது. என்விடியா 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுக்கு இந்தியாவில் ரூ. 71,000 முதல் என்று விலை அறிவித்தது. சிப் தட்டுப்பாடும் எத்தீரியம் நாணயம் தோண்டியவர்களின் மொத்தக் கொள்முதலும் சேர்ந்து, 2021இல் அதன் சந்தை விலையை இருமடங்குக்கு மேல் ஏற்றின. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தோண்டும் முறையையே கைவிட்டது. தோண்டி ஓய்ந்த கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. விசிறி தேய்ந்த, வெப்பப் பசை காய்ந்த கார்டு சேலத்து ஏப்ரல் வெயிலில் எவ்வளவு நாள் தாங்கும் என்பது வாங்கியவரின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இன்றைய தேர்வு

1080 திரையில் 20.7 லட்சம் புள்ளிகள். 1440 திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். அதாவது 4கே என்பது 1080ஐப் போல நான்கு மடங்கு வேலை. 24 இஞ்சில் 1080, 27 இஞ்சில் 1440, 32 இஞ்சில் 4கே என்பது கண்ணுக்குப் பொருந்தும் அளவு. முதலில் திரையை முடிவு செய்து, பிறகு அதற்குக் கார்டு தேடுவதே சரி. பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

என்விடியா 2018இல் அறிமுகப்படுத்தி 2020இல் திருத்திய டிஎல்எஸ்எஸ், ஏஎம்டி 2021இல் தந்த எஃப்எஸ்ஆர் ஆகியவை, குறைந்த புள்ளிகளில் வரைந்த படத்தைத் திரையின் அளவுக்கு உயர்த்துகின்றன. குழாய்த்திரை தந்த பழைய சலுகை இப்படி வேறு வடிவில் திரும்பி வந்தது. ஆனாலும் கார்டின் நினைவகத்துக்கு இது முழு மாற்றல்ல. 4கே விளையாட்டுக்கு 8 ஜிபி இப்போது போதவில்லை.

மின்கட்டணத்தையும் பார்க்க வேண்டும். தமிழகத்தில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம். 500 வாட் இழுக்கும் கணினியில் நாளுக்கு 4 மணி நேரம் விளையாடினால் 60 நாளில் 120 யூனிட். இலவசம் முழுவதும் அதற்கே போதாது. 170 வாட் ஆர்டிஎக்ஸ் 3060 கொண்ட கணினி மொத்தம் 300 வாட் இழுப்பதாகக் கொண்டால் 72 யூனிட். அந்த மின்சாரம் முழுவதும் வெப்பமாக அறைக்குள்தான் இறங்குகிறது. மே மாதத்தில் தகர ஷீட் போட்ட மாடி அறையில் இது சிறிய விஷயமல்ல.

2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட தொலைக்காட்சி, மானிட்டர்களின் வரியும் 18 சதவீதமானது. 43 இஞ்ச் 4கே தொலைக்காட்சியை மானிட்டராக வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது சாதகம். வாங்குமுன் அதன் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும்: எச்டிஎம்ஐ 2.0 துளையில் 4கே படம் நொடிக்கு 60 முறைதான் வரும், 120 முறை வேண்டுமானால் 2.1 தேவை. பழைய கார்டில் 1.4 மட்டும் இருந்தால் 30தான்.