இரவல் விழி

ஒரு நாட்டின் படைவலியை அளக்க முற்படுவோர் வானூர்திகளை எண்ணுவர், குண்டுகளை எண்ணுவர். அவ்வானூர்தி தான் பறக்கும் இடத்தை எதனால் அறிகிறது என்று வினவுவோர் மிகச் சிலரே. கலத்துக்கு வழிகாட்டுவோனை 'மீகாமன்' எனத் தனிப்பெயரிட்டுப் போற்றியது நம் மொழி. மீகாமன் இல்லையேல் எத்துணைப் பெரிய கலமும் நீரில் மிதக்கும் மரமே. கடலுக்குரிய இவ்வுண்மை வானுக்கும் உரியது என்பதை, கடையில் விற்கும் சிறு கருவியொன்று போர் வானூர்திக்குள் புகுந்த வரலாறு தெளிவாக்குகிறது.

வழியறியும் சிக்கல் பேராக் மண்ணுக்குப் புதிதன்று. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையொட்டி அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்நாளில் பால்மரம் சீவிய நம் முன்னோரின் தலைக்குமேல் லிங்கன் வகைக் குண்டுவீச்சு வானூர்திகள் பறந்தன. நிரை நிரையாக நின்ற ரப்பர் மரங்கள் தோட்டத்தை அடையாளங் காட்டின. அதற்கப்பால் விரிந்த காடோ மேலிருந்து காண்போர்க்கு ஒரே பச்சைப் போர்வை. எனவே, ஆஸ்டர் என்னும் சிறு வானூர்திகள் முன்சென்று புகைக்குறியிட்டு இலக்கைக் காட்டின. அன்றேல், தெரிந்த குன்றையோ ஆற்று வளைவையோ தொடக்கமாகக் கொண்டு, மாறா வேகத்தில் பறந்து, நொடிகளை எண்ணிக் குண்டை விடுவித்தனர். வீசிய குண்டுகளின் அளவோடு ஒப்பிட, விளைந்த பயன் சிறிதே.

அரை நூற்றாண்டு கழிந்தபின், காஷ்மீரத்துப் பனிமலைகளில் அதே கடிகாரம் மீண்டும் தேவைப்பட்டது. கார்கில் போரின்போது 1999 மே 26இல் இந்திய வானூர்திகள் தாக்குதலைத் தொடங்கின. மறுநாளே ஒரு மிக்-27, ஒரு மிக்-21 ஆகியவற்றையும், அதற்கடுத்த நாள் ஒரு மி-17 ஹெலிகாப்டரையும் இந்தியா இழந்தது. தோளில் தாங்கி ஏவும் ஏவுகணைகளுக்கு எட்டாத உயரத்தில் பறக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. மிராஜ்-2000 வானூர்திகளுக்கு லேசர் வழிகாட்டும் குண்டுகள் இருந்தன. 1960களில் இந்தியப் படையில் சேர்ந்த மிக்-21 வகைக்கோ தக்க வழியறி கருவி இல்லை. ஆயினும் அதன் வானோடிகள் சோர்ந்திலர். வணிகச் சந்தையில் கிடைத்த கையடக்கப் புவியிடங்காட்டியை, அதாவது ஜி.பி.எஸ். கருவியை, வானோடி அறைக்குள் கொண்டு சென்றனர். அது காட்டிய இடத்தையும் கடிகாரம் காட்டிய நொடியையும் இணைத்து, இரவிலும் குண்டு வீசினர்.

இக்கருவியின் இயல்பை மாணவர் அறிதல் நன்று. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுழலும் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் நேரக்குறிப்பைத் தாங்கிய அலைகளை இடையறாது அனுப்புகின்றன. நான்கு கோள்களின் அலைகள் வந்துசேரும் காலத்தைக் கொண்டு கருவி தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் 300 மீட்டர் பிழைக்கும். மேலும், மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வானூர்தி ஒரு நொடியில் 250 மீட்டர் கடந்துவிடும். நடந்து செல்வோனுக்கென அமைந்த கருவி ஒரு நொடி தாமதித்தால், இலக்கு பின்தங்கிவிடும். வானோடியின் பயிற்சியே இக்குறையை ஈடுசெய்தது.

கார்கில் போரில் அமெரிக்கா ஜி.பி.எஸ். உதவியை அடியோடு மறுத்தது என்று பலர் கூறுவர். இக்கூற்றை ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும். அலைகள் அறவே நிறுத்தப்பட்டிருப்பின், அக்கையடக்கக் கருவிகள் இயங்கியிரா. மறுக்கப்பட்டது அலையன்று, நுட்பமே. 1983 செப்டம்பர் 1இல் வழிதவறிய கொரியப் பயணியர் வானூர்தி சோவியத்துப் படையால் வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன்பின் அமெரிக்க அதிபர் ரீகன் இவ்வமைப்பு பொதுமக்களுக்கும் வழங்கப்படும் என அறிவித்தார். எனினும், பொதுமக்கள் பெறும் அலையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டது. அதனால் இருப்பிடம் 100 மீட்டர் வரை பிறழக்கூடும். 2000 மே மாதத் தொடக்கத்திலேயே அக்கலப்பு நீக்கப்பட்டது. ஆகவே, 1999இல் பறந்த வானோடிகள் கண்ணாடியில் புகைபடிந்த விழியையே இரவலாகப் பெற்றனர்.

இந்நிலை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. 1991 வளைகுடாப் போரில் படைக்கருவிகள் போதாமையால் அமெரிக்க வீரர்களே கடைக்கருவிகளைப் பயன்படுத்தினர். அவர்கள்பொருட்டு அலையில் கலந்த பிழை தற்காலிகமாக நீக்கப்பட்டது. குளோனாஸ் என்னும் சொந்த அமைப்பையுடைய ரஷ்யாவின் நிலை இன்னும் வியப்பிற்குரியது. உக்ரேனில் வீழ்ந்த ரஷ்ய சு-34 வானூர்திகளின் கருவிப்பலகையில் ஜி.பி.எஸ். கருவிகள் ஒட்டப்பட்டிருந்தன எனப் பிரிட்டிஷ் தற்காப்பு அமைச்சர் பென் வாலஸ் 2022 மே மாதம் கூறினார்.

இவற்றைக் கண்டு நகைப்போர் உளர். வானோடியின் சமயோசிதத்தைப் புகழ்வோரும் உளர். இரண்டும் முழுமையல்ல. களத்தில் நிற்பவன் கைக்கு எட்டியதைக் கொண்டு கடமையாற்றினான், அது பாராட்டுக்குரியது. ஆனால், அவன் கடைச்சரக்கை நாட நேர்ந்தது, கொடுக்க வேண்டியவர்கள் காலத்தே கொடுக்கவில்லை என்பதற்குச் சான்று. தொழிலாளியின் திறமை நிருவாகத்தின் தாமதத்தை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. இதனைத் தோட்டத்து வரலாறு அறிந்தோர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்தியா 2006இல் தனக்கெனச் செயற்கைக்கோள் வழியமைப்புக்கு ஒப்புதல் அளித்தது. 2013 ஜூலை 1 முதல் 2016 ஏப்ரல் 28 வரை ஏழு கோள்கள் ஏவப்பட்டன. அவ்வமைப்புக்கு, மாலுமியைக் குறிக்கும் சொல்லை நினைவூட்டும் 'நாவிக்' என்னும் பெயர் சூட்டப்பட்டது. ஏழாவது கோள் ஏவப்பட்டபோது பெங்களூர்ச் செயற்கைக்கோள் மையத்தின் இயக்குநராக இருந்தவர் தமிழரான மயில்சாமி அண்ணாதுரை ஆவார். பின்னர்ச் சில கோள்களின் அணுக் கடிகாரங்கள் பழுதுற்றன. 2025 ஜனவரியில் ஏவப்பட்ட மாற்றுக்கோளும் உரிய பாதையை எய்தவில்லை. சொந்த விழியைப் பெறுதல் எளிதன்று என்பதை இது காட்டுகிறது. மிக்-21 வானூர்திகளோ 2025 செப்டம்பர் 26இல் ஓய்வு பெற்றன.

இரவல் வாங்குவது இழிவன்று. அவசரத்துக்கு உதவும் பொருளை ஏற்பது அறிவுடைமையே. இரவல் என்பதை மறந்து, அதனையே உரிமையென மயங்குவதுதான் கேடு. ஈப்போ வீதியில் கைப்பேசி காட்டும் பாதையில் செல்லும் இளைஞரும் பிறர் ஏவிய கோள்களின் ஒளியிலேயே செல்கின்றனர். வழியைக் கேட்டறிவதோடு நில்லாது, வழிகாட்டும் கலையையும் கற்கும் இனமே நாளை தன் கலத்துக்குத் தானே மீகாமனாகும்.