எத்தனை வீடு பார்க்கணும்? ஒரு பழமொழி, ஒரு கணக்கு, ஒரு ஏரி

இந்த எபிசோடோட கேள்வி ரொம்பச் சின்னது. வீடு வாங்கப் போறோம். எத்தனை வீடு பார்த்த பிறகு 'சரி, இதுதான்' என்று முடிவு பண்ணலாம்? அஞ்சா, பத்தா, முப்பதா?

சனி, ஞாயிறு வந்தால் வேளச்சேரி–தாம்பரம் சாலையில் மேடவாக்கம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் என்று தெருத் தெருவாக வீடு பார்க்கிற நிறைய பேருக்கு இந்தக் கேள்வி இருக்கும். புரோக்கர் சொல்வார்: "சார், இன்னும் ரெண்டு பார்ட்டி பார்த்துட்டுப் போயிருக்காங்க, டோக்கன் அட்வான்ஸ் போட்டுடுங்க." வீட்டில் அப்பா சொல்வார்: "அவசரப்படாதே, இன்னும் நாலு இடம் பாரு." யார் பேச்சைக் கேட்கிறது?

விஷயம் சின்னதில்லை. 50 லட்ச ரூபாய் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 43,000 ரூபாயைத் தாண்டும். மொத்தமாகக் கட்டி முடிக்கும்போது 1 கோடியே 4 லட்சம் ஆகியிருக்கும். ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, 20 வருஷச் சம்பளத்தை எழுதிக் கொடுக்கிறோம்.

முதலில் ஒன்று கவனிங்க. இந்தக் கேள்வியே ரொம்பப் புதுசு. 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்றுதான் நம்ம பழமொழி. வீட்டை 'வாங்கிப் பார்' என்று யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் நம்ம தாத்தா காலத்தில் பெரும்பாலானவர்களுக்கு வீடு என்பது கடையில் இருக்கிற பொருள் மாதிரி கிடையாது. பரம்பரையாக வரும், இல்லையென்றால் மனை வாங்கிக் கட்டணும், அதுவும் இல்லையென்றால் வாடகை.

தாம்பரம் பக்கம் நடந்ததும் அதுதான். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. 1937-ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி நகரத்துக்குள்ளிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. வேலைக்குப் பட்டணம், வீட்டுக்குப் புறநகர் என்கிற வாழ்க்கை மெதுவாகச் சாத்தியமாச்சு. மனை வாங்குவார்கள், முதலில் கிணறு வெட்டுவார்கள், கையில் காசு சேரச் சேரச் சுவர் எழும்பும். அரசு வீடு என்றால் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம். 1961-ம் வருஷச் சட்டத்தில் அமைந்தது. விண்ணப்பம் போட்டுவிட்டு ஒதுக்கீட்டுக்கோ குலுக்கலுக்கோ காத்திருக்கணும். 'எத்தனை வீடு பார்த்தீங்க' என்று அவர்களிடம் கேட்டிருந்தால், சிரித்திருப்பார்கள்.

1977-ல் எச்.டி.எஃப்.சி. ஆரம்பிக்கிறது. 1988-ல் தேசிய வீட்டு வசதி வங்கி வருகிறது. அதற்குப் பிறகுதான் சம்பளச் சீட்டைக் காட்டி முப்பது வயதில் வீடு வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்குப் பழக்கமாகிறது. ஃபிளாட் வருகிறது, அப்புறம் இணையதளம், ஆப் வருகிறது. இன்றைக்குப் படுத்துக்கொண்டே நூறு வீட்டைத் தள்ளிப் பார்க்கலாம். எங்கே நிறுத்துவது என்கிற பிரச்சினை அப்போதுதான் பிறக்கிறது.

சுவாரசியம் என்னவென்றால், இந்தப் பிரச்சினைக்கான கணக்கு, பழமொழியில் இருக்கிற இன்னொரு பாதியிலிருந்து கிளம்புகிறது: கல்யாணம். யோஹான்னஸ் கெப்ளரைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீங்க, கோள்களின் பாதையைக் கணக்குப் போட்டவர். 1611-ல் அவருடைய முதல் மனைவி இறந்துபோனார். மறுமணத்துக்காக அவர் 11 பெண்களைப் பரிசீலித்தார். ஒவ்வொருவரையும் பற்றி யோசித்துக் குழம்பியதை ஒரு கடிதத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். கடைசியில் 1613 அக்டோபரில் கல்யாணம் பண்ணிக்கொண்டது சுசன்னாவை. பட்டியலில் அவர் ஐந்தாவது.

இந்தக் குழப்பத்தைக் கணிதம் கையில் எடுத்தது 20-ம் நூற்றாண்டில். 1960-ல் மார்ட்டின் கார்ட்னர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் இதை ஒரு புதிராக எழுதினார். 1961-ல் புள்ளியியல் அறிஞர் டென்னிஸ் லிண்ட்லி தீர்வை வெளியிட்டார். விதி இதுதான்: மொத்தத்தில் முதல் 37 சதவீதத்தைச் சும்மா பார், எதையும் எடுக்காதே. அதற்குப் பிறகு, இதுவரை பார்த்த எல்லாவற்றையும் விட நல்லதாக எது முதலில் வருகிறதோ, அதை எடுத்துக்கொள். 11-ல் 37 சதவீதம் என்றால் நாலு. கெப்ளரின் தேர்வு ஐந்தாவது. அவருக்கு விதி தெரியாது, தற்செயலாகப் பொருந்திப்போச்சு.

அப்போ பத்து வீடு பார்க்க முடியுமென்றால் முதல் நாலைப் பாடமாக வைத்துக்கொள்ளலாம். அந்த நாலு வீட்டில் டோக்கன் போடுவதில்லை என்று முன்னாடியே முடிவு பண்ணிவிட்டால், 'இன்னும் ரெண்டு பார்ட்டி' என்கிற அவசரம் நம்மைத் தொடாது. அந்த அளவுக்கு இந்த விதி உருப்படியானதுதான்.

ஆனால் இதில் ஒரு உண்மையை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. இந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலும், மிகச் சிறந்ததே கையில் கிடைக்கிற வாய்ப்பும் சுமார் 37 சதவீதம்தான். அதை எப்படிக் கூட்டுவது? 1966-ல் கில்பர்ட், மோஸ்டெல்லர் என்ற இரண்டு பேர் அதையும் கணக்குப் போட்டார்கள். வருகிற பொருட்களின் மதிப்பு எப்படிப் பரவியிருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், வாய்ப்பு 58 சதவீதம் வரைக்கும் ஏறுகிறது. பார்க்கிற எண்ணிக்கை அதேதான், தெரிந்த விவரம்தான் கூடியிருக்கு.

நம்ம ஊரில் அந்த விவரம் நிறையவே கிடைக்கிறது. ஒவ்வொரு தெருவின் வழிகாட்டி மதிப்பும் பதிவுத்துறை இணையதளத்தில் இருக்கு. வில்லங்கச் சான்றை அங்கேயே பார்க்கலாம். பக்கத்து மனை எந்த வருஷம் கைமாறியது, பத்திரத்தில் என்ன தொகை எழுதினார்கள் என்பதெல்லாம் அதில் வரும். நிஜமாகக் கைமாறிய தொகை வேறாக இருக்கலாம், ஆனாலும் ஒரு அடிமட்டம் பிடிபடும்.

சரி, இப்போ செம்பாக்கத்துக்கு வருவோம். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதில் சேர்ந்த நகராட்சிகளில் இதுவும் ஒன்று. 37 சதவீத விதி ஒரு விஷயத்தை நம்பிப் போடப்பட்டது: ஒருமுறை பார்த்தாலே எது எதைவிட நல்லது என்று தெரிந்துவிடும். செம்பாக்கத்தில் அது உடைகிறது. ஏப்ரலில் பார்க்கிற வீடும் டிசம்பரில் பார்க்கிற வீடும் இங்கே ஒரே வீடு கிடையாது.

ஏன் என்றால், ஏரி. செம்பாக்கம், சிட்லபாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் என்று இங்கே ஊருக்கு ஒரு ஏரி. வயலுக்குப் பாய்ச்ச வெட்டினது. ஒன்று நிரம்பினால் உபரி அடுத்ததற்குப் போகும், அப்படியே இறங்கி இறங்கிக் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். வயல் மனையாச்சு, மனை தெருவாச்சு. தண்ணிக்கு மட்டும் பழைய வழிதான் தெரியும்.

2015 டிசம்பர் 1-ம் தேதி பெய்த மழையில், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவாச்சு. அன்றைக்கு முழங்கால் தண்ணியில் நின்ற பல பேர், சுவரும் டைல்ஸும் பார்த்து வாங்கினவர்கள்தான். அடுத்த வருஷம், 2016 செப்டம்பரில், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு' என்று சொல்லி விற்ற மனைகளுக்குச் சி.எம்.டி.ஏ. அங்கீகாரம் இருக்கா என்று எல்லோரும் அப்போதுதான் தேட ஆரம்பித்தார்கள். 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்ற மனைகளுக்குக் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ள வழி பிறந்தது. இடையில் விற்கவும் முடியாமல், வங்கிக் கடனும் கிடைக்காமல் நின்ற குடும்பங்கள் ஏராளம்.

இந்த ரெண்டையுமே, எத்தனை வீடு பார்த்தாலும் ஒருமுறை மட்டும் எட்டிப் பார்க்கிறவரால் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் என் பதில் இப்படி. பத்து வீடு பாருங்க, போதும். முதல் நாலு பாடத்துக்கு. அதிலிருந்து வந்த அறிவோடு பார்த்த மீதியில் ரெண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மூணு தடவை போங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை, தெருவில் தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்க்க. மே மாதம் ஒருமுறை, தண்ணி லாரி எத்தனை வருதுன்னு எண்ண. வேலை நாள் சாயங்காலம் ஒருமுறை, புரோக்கர் இல்லாமல். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றால், "2015-ல இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுக்கா?"ன்னு கேளுங்க. சுவரில் கையை வைத்தே காட்டிவிடுவார்.

நாலாவது தடவை போகவேண்டியது தாலுகா அலுவலகத்துக்கு. அந்தச் சர்வே எண்ணுக்குப் புல வரைபடமும் அ-பதிவேடும் பாருங்க. உங்க இடத்துக்குப் பக்கத்தில் ஓடை, வாய்க்கால், ஏரி என்று என்ன எழுதியிருக்கு என்று அதில் இருக்கும். புது ஃபிளாட் என்றால் ரெரா பதிவு எண்ணையும், உங்க பெயருக்கு வரப்போகிற நிலப் பங்கு எவ்வளவு என்பதையும் சரிபாருங்க.

மழைக்காலம் வரைக்கும் காத்திருந்தால் வீடு போயிடாதா? போகலாம். அந்த வீடு போனால் பதினொன்றாவது வீடு வரும். கெப்ளரே 11 பேர் வரைக்கும் போனவர்தான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.