நாய்க்கு இடமில்லாத ரதம்

பண்டிகைக்கு ஊருக்குப் புறப்படும் வீடுகளில் இப்போது ஒரு புதுக் கேள்வி எழுகிறது. பெட்டி கட்டியாயிற்று, பலகாரம் எடுத்து வைத்தாயிற்று, டிக்கெட்டும் வாங்கியாயிற்று. "நாயை என்னப்பா செய்யறது?" என்று குழந்தை கேட்கிறது. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

கேள்வி புதிது போலத் தோன்றினாலும் மிகப் பழையது. பாண்டவர்கள் திரௌபதியோடு வடக்கு நோக்கிக் கடைசிப் பிரயாணம் போனபோது ஒரு நாயும் பின்தொடர்ந்தது. மனைவியும் தம்பிமாரும் வழியில் ஒவ்வொருவராக விழுந்த பிறகும் அது தருமபுத்திரரோடு நடந்தது. அவ்வளவு தூரம் நடந்தும் அதனால் யாருக்கும் தொந்தரவு இல்லை. இந்திரன் ரதத்தைக் கொண்டுவந்து நிறுத்தினானே, அப்போதுதான் வந்தது வழக்கு! நாய்க்கு ரதத்தில் இடமில்லை என்றான் அவன். நாயை விட்டுவிட்டு வருவதற்கில்லை என்றார் தருமர்.

இதில் பெரியோர் கண்ட தர்மம் இருக்கட்டும். கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு இதில் ஒரு சரித்திரமும் தெரிகிறது. மனிதனும் மிருகமும் சேர்ந்து நடந்த காலத்தில் மிருகத்தின் கால்தான் பிரயாணத்துக்கு அளவுகோல். வேகமான வாகனம் வந்ததும் கூட வந்த ஜீவன் சாமானாகிவிட்டது.

அந்த நடைக்காலத்தின் மிச்சத்தைக் காண வேண்டுமானால் தேனிப் பக்கம் வரவேண்டும். கம்பத்தில் கன்னடம் பேசும் கப்பிலியர், தாங்கள் கன்னட நாட்டிலிருந்து மாட்டு மந்தையோடு வந்து குடியேறியவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்த மந்தையின் வழிவந்தவை என்று போற்றப்படும் தம்பிரான் மாடுகளுக்கு அங்கே நந்தகோபாலன் பெயரால் ஒரு தொழுவே கோயிலாக இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று கூட்டம் தாங்காது. மந்தையின் தலைமைக் காளை இறந்தால் அடுத்த காளையை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்பதை எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். மந்தைக்கு முன்னால் ஒரு கட்டுக் கரும்பை வைத்துவிட்டு ஊரே காத்திருக்குமாம். எந்தக் காளை முதலில் கரும்பை நோக்கி நடக்கிறதோ, அதற்கே பட்டம். மனிதன் அவசரப்படாமல் மாட்டின் காலைப் பார்த்து நின்ற காட்சி அது!

கம்பத்துக்குக் கிழக்கே, மலைகளுக்கு அந்தப்புறம், மூல வைகையின் கரையில் இருக்கிறது மயிலாடும்பாறை. அந்த வட்டாரத்தில் மலைமாடு வைத்திருக்கும் ஒரு கிழவரோடு ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தேன். மழை பெய்தால் மலை மேலே, அறுப்பு முடிந்தால் கீழே வயல்களில் கிடை என்று வாழ்நாளெல்லாம் மாட்டின் பின்னால் நடந்தவர்.

"அவ்வளவு தூரம் எப்படித் தாத்தா பத்திரமாக ஓட்டிப் போவீர்கள்?" என்று கேட்டேன்.

"நாம எங்க ஓட்டுறது தம்பி? அதுக போகும், நாம பின்னால போறோம். வெயிலுக்கு முந்திக் கெளம்பிடணும். தண்ணியக் கண்டா நிறுத்திடணும். மாடு படுத்துச்சுன்னா நாமளும் படுத்துக்கிட வேண்டியதுதான்" என்றார்.

மூன்றே மூன்று விதிகள். ஆனால் இவற்றைக் காப்பாற்ற வழியும் இடம் கொடுக்க வேண்டும் அல்லவா? நம் முன்னோர் அதையும் யோசித்திருக்கிறார்கள். முப்பத்திரண்டு அறங்கள் என்று எண்ணி வைத்தார்களே, அவற்றில் தண்ணீர்ப் பந்தலோடு பசுவுக்கு வாயுறையும் உண்டு. ஆவுரிஞ்சு தறியும் உண்டு. நடந்து களைத்த மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஒரு கல்லை நட்டு வைப்பதும் தர்மமாம்! மாட்டின் தினவைக்கூட நினைத்துப் பார்த்த மனசு அது.

பிறகு ரயில் வந்தது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-ல் பாதை போட்டார்கள். 2010 முடிவில் அகலப் பாதை வேலைக்காக அது நின்று, 2022-ல் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் ரயில் திரும்பி வந்தது. ரயில்வேக்காரர்கள் இந்திரனைப் போல் ஒரேயடியாக மறுக்கவில்லை. முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் எடுத்துக்கொண்டால் நாய் நம்மோடு வரலாம். இல்லாவிட்டால் கார்டு வண்டியிலுள்ள கூண்டில் தனியாக வரவேண்டும். எஜமானர் இதே ரயிலில்தான் இருக்கிறார் என்பது அந்த இருட்டுக் கூண்டில் அதற்கு எப்படித் தெரியும்?

இந்த வாயில்லா ஜீவன்களுக்காகப் பாராளுமன்றத்தில் வாய் திறந்தவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். பரத நாட்டியத்துக்கு அவர் செய்த தொண்டு எல்லோருக்கும் தெரியும். ராஜ்ய சபை அங்கத்தினராக அவர் கொண்டுவந்த தனி மசோதாவைப் பிரதமர் நேரு ஓர் உறுதிமொழி கொடுத்துத் திரும்பப் பெறச் செய்தார். அந்த உறுதிமொழியின் பலனாக 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே தலைவியானார். அந்தச் சட்டத்தின் கீழ் 1978-ல் மிருகங்களை ஏற்றிச் செல்வதற்கான விதிகள் வந்தன.

அந்த விதிகளைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நீண்ட பிரயாணமானால் நாய்க்கும் பூனைக்கும் புறப்படுவதற்கு இரண்டு மணி முன்பாவது தீனியும் தண்ணீரும் கொடுத்துவிட வேண்டும். வழியில் கோடையில் நாலு மணிக்கு ஒரு தரம், குளிர் காலத்தில் ஆறு மணிக்கு ஒரு தரம் தண்ணீர் காட்ட வேண்டும். லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் கூடாது. அவற்றோடு வேறு சரக்கு ஏற்றக் கூடாது. கூட ஓர் ஆள் வரவேண்டும். மாடு மிரளாதிருக்க இன்ஜினைப் பார்த்து நிறுத்துவது நல்லது. மயிலாடும்பாறைக் கிழவர் எந்தச் சட்டப் புஸ்தகத்தையும் பார்த்தவரல்ல. நடந்தவர்கள் பழக்கத்தால் அறிந்திருந்ததை, வண்டி ஏறியவர்களுக்குச் சட்டம் எழுதிச் சொல்ல வேண்டியதாயிற்று.

இன்றைக்குக் காரில் போகிறோம். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஓட்டல் வாசலில் கண்ணாடியை ஏற்றிப் பூட்டிவிட்டு நாம் சாவகாசமாகக் காப்பி சாப்பிடும் நேரம் அதன் உயிரைக் குடிக்கப் போதும். மலை வளைவுகளில் வயிறு நிறைந்த நாய்க்குக் குமட்டும். தீபாவளி வெடிக்குப் பயந்து அறியாத ஊரில் ஓடிவிட்டால் வீட்டு வழி அதற்குத் தெரியாது. கழுத்துப் பட்டையில் உங்கள் டெலிபோன் நம்பர் இருந்தால் யாராவது ஒரு புண்ணியவான் கூப்பிடுவார்.

இந்த மலைப் பக்கம் வருகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காடு 2021 முதல் புலிகள் காப்பகம். காட்டோரத்தில் இரவில் கட்டாமல் விட்ட நாய் சிறுத்தைக்கு எளிய இரை. நாயிடமிருந்து காட்டுக்கும் ஆபத்து உண்டு. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் கூட்டமாக மடிந்தபோது, நாய்களிடம் காணும் டிஸ்டெம்பர் நோய்க் கிருமி அவற்றில் இருந்தது தெரியவந்தது. ஆகவே தடுப்பூசி போட்ட பிறகே ஊருக்கு அழைத்து வாருங்கள்.

எல்லா ஜீவனையும் அழைத்துப் போகத்தான் வேண்டுமென்பதில்லை. பூனைக்கு மனிதரைவிடத் தன் மூலையும் திண்ணையுமே பெரிது. அதை நம்பிக்கையான அண்டை வீட்டாரிடம் விட்டுப் போவதுதான் அதற்குச் செய்யும் உபகாரம். ஆனால் அழைத்துப் போவதென்று தீர்மானித்துவிட்டால், அரை நாள் தாமதமாகப் போய்ச் சேர்வதற்கும் மனசைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். வெயிலுக்கு முன் கிளம்பி, தண்ணீர் கண்ட இடத்தில் நின்று, அது படுத்தால் நீங்களும் சற்றுக் காலை நீட்டுங்கள். பொங்கல் பானை உங்களுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருக்கும்.