கடலைக் கட்டியவர்கள்: சமயத் தோற்றக் கொள்கைகளும் புத்தளக் கரையும்

சமயத்தினதும் அறவுணர்வினதும் தோற்றத்தைப் பரிணாம அடிப்படையில் விளக்கும் முயற்சிக்கு வலுவான தொடக்கம் அளித்தவர் டார்வின். கூடி வாழும் விலங்குகளின் சமூக இயல்பூக்கங்கள், அறிவு வளர்ச்சியோடு சேருமிடத்து அறவுணர்வாக மலரும் என 1871இல் அவர் வாதித்தார். அவ்வாதம் அண்மையிற் புதுவடிவம் பெற்றுள்ளது. உளவியலாளர் ஆரா நொரென்சயன் 2013இல் வெளியிட்ட 'பெருந்தெய்வங்கள்' என்னும் நூலில், ஒருவரையொருவர் அறியாதார் பெருந்திரளாய் வாழ நேர்ந்தபோது, அனைத்தையும் கண்டு தண்டிக்கும் தெய்வங்களை நம்பிய கூட்டங்களே ஒத்துழைப்பில் மேம்பட்டுப் பரவின என்பர். கண்காணிக்கப்படுபவன் ஒழுங்காய் நடப்பான் என்பது இக்கொள்கையின் சாரம். ஆயின், யார் சார்பில் யார் கண்காணிக்கப்பட்டனர் என்னும் வினா இதிற் போதிய இடம் பெறவில்லை. அவ்வினாவை எழுப்புதற்குப் புத்தளக் கரையின் வரலாறு தக்க சான்றுகளைத் தருகின்றது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சார்ந்த மார்க்கோ போலோவின் பயணநூல், முத்துக்குளிக்கப் புறப்படும் வணிகர் முதற்கண் 'பெத்தலார்' என்னும் இடத்திற் கூடுவர் எனக் கூறும். இதனைப் புத்தளம் எனக் கொண்டவர், அந்நூலைப் பதிப்பித்த ஹென்றி யூல். 1344இல் இங்கு வந்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்ட இபின் பதூதாவும் இவ்வூரைப் 'பத்தாலா' என்றே குறித்தார். முத்துப் படுக்கைகள் பெரும்பாலும் வடக்கே அரிப்பு, சிலாபத்துறைக் கடலிற் கிடப்பினும், கூட்டமும் முதலும் ஒன்றுசேர்ந்த துறைகளுள் புத்தளமும் ஒன்று எனலாம். (முத்துக்குளிப்பைக் குறிக்கும் 'சலாபம்' என்னும் சொல்லே சிலாபம் என ஊர்ப்பெயராயிற்று என்பாரும் உளர்.)

போலோ தரும் பங்கீடு நுணுகி நோக்கற்பாலது. அரசனுக்குப் பத்திலொன்று. சுறாக்களை மந்திரத்தாற் கட்டும் பிராமணர்க்கு இருபதிலொன்று. கடலில் இறங்கும் குளியாளோ வணிகரிடங் கூலி பெறுபவன். மந்திரக்கட்டு பகற்பொழுதுக்கு மட்டுமே. மாலையில் அது அவிழ்க்கப்படும். ஏன் அவிழ்க்க வேண்டும்? இரவில் மூழ்கிச் சிப்பி திருட நினைப்போர் சுறாவுக்கு அஞ்சி அடங்கும்பொருட்டு என அந்நூலின் ஒரு பாடம் வெளிப்படையாகவே விடைகூறுகின்றது.

பகலிற் குளியாளைக் காத்த மந்திரமே இரவில் அவனைக் காவல் செய்தது. மாந்திரீகத்தை, மெய்யான தொழில்நுட்பத்தின் குறையை நிரப்பும் மாயத் தொழில்நுட்பம் என விளக்கினார் ஜோர்ஜ் தொம்சன். மூச்சடக்கி ஆழத்தில் இறங்குவோனுக்கு அது துணிவு தந்ததை மறுப்பதற்கில்லை. எனினும் இங்கு அது பரம்பரை உரிமையாகி, விளைவில் நிலைத்த பங்கும் பெற்று, உடைமைக்குக் காவலாகிவிட்டது. அந்நியர் திரளை ஒழுங்குபடுத்திய கண்காணிப்பாளர் பெருந்தெய்வமன்று, சுறா. அச்சுறாவின் வாயைத் திறக்கவும் மூடவும் வல்லவராகக் கருதப்பட்டவரோ விளைவிற் பங்கு கொண்டவர்.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. 1859இல் இலங்கை பற்றி நூல் வெளியிட்ட எமர்சன் ரெனன்ற், தமிழில் இவர்கள் 'கடல்கட்டி' எனப்பட்டதைக் குறித்துள்ளார். அக்காலக் கடல்கட்டிக் குடும்பத் தலைவர் கத்தோலிக்கர்! அவர் நோயுற்றமையால் வேறொருவரை அனுப்பினார். வந்தவரோ, மறைமொழி தமக்குத் தெரியாதெனினும், மேலாளின் பிரதிநிதி என்ற வகையில் தம்மைச் சுறாக்கள் மதிக்கும் என்றாராம். மந்திரமும் மதமும் உதிர்ந்தபின்பும் பதவி எஞ்சி நின்றது. நம்பிக்கையை மனத்தின் இயல்பிலிருந்து மட்டும் வருவிப்போர் இச்செய்தியை எவ்வாறு விளக்குவர் என்பது ஆர்வத்துக்குரியது.

இதே கரையின் பிறிதொரு தொழில் வேறொரு காட்சியைத் தருகின்றது. உடப்பிற் கரைவலை இழுப்போர் ஒரே கயிற்றைப் பற்றி, அம்பாப் பாடலின் தாளத்துக்கிசைய ஒன்றாய் அடியெடுத்து வைப்பர். சோம்புபவன் அடுத்தவன் கண்ணுக்கு உடனே புலப்படுவான். வானத்திலிருந்து எவரும் கண்காணிக்கத் தேவையில்லை. டார்வின் கூறிய சமூக இயல்பூக்கம் உழைப்பின் வழியே அறமாகும் நிலையை இங்குக் காணலாம். எனினும் இதனை ஆதிப் பொதுவுடைமையின் எச்சமென வியத்தல் பொருந்தாது. வலையும் தோணியும் சம்மாட்டியினுடையவை. மீன் கரையேறியதும் பங்கு பிரிகின்றது.

உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் ஆடித் தீமிதிப்பையும் இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். மொறிசியசுத் தமிழரின் தைப்பூசக் காவடியை ஆராய்ந்த டிமித்திரிஸ் சிகலாட்டாசும் குழுவினரும், கடும்நோவு தரும் சடங்கிற் பங்குகொண்டோர் கூட்டுப்பிரார்த்தனையோடு அமைந்தோரினும் தாராளமாய்க் கொடையளித்தனர் என 2013இற் காட்டினர். நோவைக் கண்டுநின்றோரும் அவ்வாறே ஈந்தனர். அவ்வொருமையுணர்வு போலியன்று, அளந்து காட்டப்பட்டது. ஆனால் அவ்வாய்வில் அளக்கப்பட்ட கொடை கோயிலுக்குச் சென்றது. கயிறிழுப்போனுக்கும் சம்மாட்டிக்குமிடையே பங்கு பிரியும்போது அவ்வுணர்வு யார் பக்கம் சாய்கிறது என்பதை அளக்கும் ஆய்வு, கோயில் வாயிலில் அன்றி வலைவாடியிலேயே தொடங்கவேண்டியிருக்கும்.